உலோகங்காண் கருவிக்கு ஒரு காட்டுமானி

நிலத்துள்ளும் மரத்துள்ளும் சுவரினுள்ளும் மறைந்து கிடக்கும் உலோகத்தை ஒலியால் அறிவிக்குங் கருவியை இக்காலத்திற் பலரும் கண்டிருப்பர். விமான நிலைய வாயிலிலே காவலர் கையில் இருப்பதும், வன்னி நிலத்திலே கண்ணிவெடி அகற்றுவோர் தரையின்மேல் இடமும் வலமுமாக வீசிச் செல்வதும் அவ்வினத்துக் கருவிகளே. "உலோகம் உண்டு" என்று அது கூவும். "இன்ன உலோகம்" என்று கூறாது. துருப்பிடித்த ஆணிக்கும் பொன் மோதிரத்துக்கும் அதன் குரல் ஏறத்தாழ ஒன்றே. அக்குரலின் பொருளை அறியும்பொருட்டு, அதனோடு ஓர் ஊசிமானியை இணைத்து, அகப்பட்ட பொருளின் இயல்பு ஒருவாறு கண்ணுக்குப் புலனாகும்படி செய்யலாம். அதனையே ஈண்டுக் காட்டுமானி என்கின்றோம்.

தமிழாசிரியருக்கு மின்னியலில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். நமது கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் சிலர் பௌதிக ஆய்வுகூடத்தில் இத்தகைய மானி ஒன்றை அமைத்து, அதன் முகப்பில் எழுதவேண்டிய தமிழ்ச் சொற்களைத் தெரிந்து தருமாறு எம்மை அணுகினர். ஊசி நிற்குமிடங்களில் "இரும்பு", "ஈயம்", "பொன்", "வெள்ளி" என வரிசையாக எழுதிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். பொருளை அறியாது சொல்லைத் தெரிதல் எங்ஙனம்? ஆகவே கருவியின் தத்துவத்தை அவர்களிடமும் பௌதிக ஆசிரியரிடமும் கேட்டும், நூல்களைப் பார்த்தும் அறிந்துகொண்டோம். அவற்றுட் பிற மாணவர்க்கும் பயன்படத்தக்கவற்றை இம்மலரில் எழுதுகின்றோம்.

மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டிற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இவற்றுக்கெல்லாம் வேர். 1879 இல் டேவிட் கியூசு என்பார் தூண்டற் சமநிலை என்னும் அமைப்பை வெளியிட்டார். கம்பிச் சுருள்களை ஒன்றன் விளைவை மற்றொன்று அழிக்குமாறு நிறுத்தினால், அவற்றோடு இணைத்த தொலைபேசிச் செவியில் ஒலி கேளாது. சுருளருகே ஒரு நாணயத்தைக் கொண்டுவந்த அளவிலே சமநிலை குலைந்து ஒலி கேட்கும். இரண்டாண்டுகளின் பின் இவ்வமைப்புக்கு ஒரு கடுஞ்சோதனை வந்தது. 1881 யூலை 2 ஆம் நாள் அமெரிக்க சனாதிபதி யேம்சு காபீல்ட் சுடப்பட்டார். உடலுள் நின்ற குண்டு எங்குள்ளது என்பதை மருத்துவர் அறியாது தடுமாறினர். எட்சுக்கதிர் கண்டறியப்படாத காலம் அது. தொலைபேசி கண்ட அலெக்சாந்தர் கிரகம் பெல் தூண்டற் சமநிலையைச் செப்பஞ்செய்து நோயாளியின் உடலருகே பிடித்துப் பார்த்தார். தெளிவான விடை கிடைத்திலது. படுக்கையின் உருக்குச் சுருள்விற்கள் கருவியை மயக்கின என்பதும், தலைமை மருத்துவர் வலப்பக்கத்தையே தேடுதற்கு இடமளித்தார் என்பதும் பின்னர்க் கூறப்பட்டன. சனாதிபதி செப்ரெம்பர் 19 ஆம் நாள் உயிர்நீத்தார். பிணத்தைச் சோதித்தபோது குண்டு முதுகெலும்பின் இடப்பக்கத்திலே காணப்பட்டது.

ஈயக் குண்டையும் உருக்குச் சுருள்வில்லையும் வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் அக்கருவிக்கு இருந்திருப்பின் பெல் அத்துணை மயங்கியிரார். காட்டுமானியின் தேவை உலோகங்காண் கருவி பிறந்த காலத்திலேயே பிறந்துவிட்டது என்க. எனினும் அத்தேவை நிறைவேற நூறாண்டு சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 இல், போலந்து நாட்டு இராணுவப் பொறியியலாளர் யோசப் கொசாக்கி அமைத்த கண்ணிவெடி காண் கருவி, 1942 இல் எல் அலமெயின் போரிற் பிரித்தானியப் படைக்குப் பேருதவி புரிந்தது. அதுவும் ஒலி மட்டுமே தந்தது. பொருளின் வகையை ஊசியாற் காட்டும் கருவிகள் 1980 ஆம் ஆண்டுகளிலேயே கடைகளுக்கு வந்தன.

இனித் தத்துவத்தைக் காண்போம். கருவியின் தலையில் இரண்டு சுருள்கள் உள. ஒன்று அனுப்புஞ் சுருள். மற்றது ஏற்குஞ் சுருள். அனுப்புஞ் சுருளில் ஆடலோட்டம் ஓடுகின்றது. நமது மாணவர் கையாண்ட கருவியில் அதன் மீடிறன் செக்கனுக்கு 10,000 சுற்று. இவ்வோட்டத்தால் எழுங் காந்தப்புலம் ஏற்குஞ் சுருளைத் தாக்காதவாறு இரண்டும் சமநிலையிற் பொருத்தப்பட்டுள்ளன. புலத்தினுள் ஓர் உலோகத்துண்டு வருமாயின், அதனுள்ளே நீர்ச்சுழி போன்று வட்டமிடும் ஓட்டங்கள் தூண்டப்படும். இவற்றைச் சுழியோட்டங்கள் என்பர். சுழியோட்டம் தானும் ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, அது ஏற்குஞ் சுருளிலே படுகின்றது. அதுவே நாம் கேட்கும் ஒலிக்குக் காரணம்.

இவ்வளவில் நின்றால் "உண்டு" என்பது மட்டுமே பெறப்படும். "இன்னது" என்பதைப் பெறுதற்கு, சுழியோட்டம் எவ்வளவு பெரிது என்று பார்த்தல் போதாது. அது எவ்வளவு பிந்தி வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். இப்பிந்துகையை அளப்பதற்கு நமது பாடநூல்கள் வழங்குஞ் சொல் அவத்தை என்பதாகும். சைவ சித்தாந்தம் பயின்றோர் சாக்கிரம், சொப்பனம் முதலிய ஐந்து அவத்தைகளை அறிவர். வீட்டு முதியோரோ "படாத அவத்தை பட்டேன்" என்று துன்பத்துக்கு அச்சொல்லை வழங்குவர். நிலை என்பதே அதன் அடிப்படைப் பொருள். அலையானது தன் சுற்றிலே எந்நிலையில் நிற்கின்றது என்பதையே பௌதிகம் அவத்தை என்கின்றது. தமிழகத்தார் இதனைக் கட்டம் என்பர். எமக்கு நமது சொல்லே உவப்பானது.

அனுப்புஞ் சுருளின் புலம் மாறுங்கால் உலோகத்தில் எழும் மின்னியக்க விசை அப்புலத்துக்குக் காற்சுற்றுப் பிந்தியது. அவ்விசையால் எழும் ஓட்டம் அதனினும் சிறிது பிந்தும். எவ்வளவு பிந்தும் என்பது பொருளின் தூண்டற்றிறனுக்கும் தடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. சிகரெட் பெட்டியின் உள்ளே இருக்கும் மெல்லிய தாள் போன்றதில் தடை மிகுதி. அங்கே மேலும் பிந்துகை இல்லை எனலாம். மொத்தம் காற்சுற்றோடு நிற்கும். தடித்த வெள்ளி நாணயத்திலே தடை மிகக் குறைவு. அங்கே ஓட்டம் மேலுங் காற்சுற்றளவு பிந்தி, மொத்தம் அரைச்சுற்றை அணுகும். அஃதாவது மூலப்புலத்தை நேரே எதிர்த்து நிற்கும். இரும்பின் செய்கை வேறு. அது காந்தப்புலத்தைத் தன்பால் ஈர்த்து மிகுவிக்கும் இயல்பினதாதலின், எதிர்ப்பதற்கு மாறாகப் புலத்தோடு சேர்ந்து நிற்கும்.

எனவே திரும்பிவரும் சைகையை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். காற்சுற்றுப் பிந்திய பகுதியைச் செங்கூறு என்றும், மூலத்தை எதிர்த்து நிற்கும் பகுதியை எதிர்க்கூறு என்றும் பெயரிட்டோம். இப்பெயர்கள் மாணவர்க்காக நாம் வைத்தவை, பாடநூல்களிற் காணப்படா. மெல்லிய தாளுக்குச் செங்கூறு மட்டும் உண்டு. வெள்ளி நாணயத்துக்கு எதிர்க்கூறே பெரும்பகுதி. இரும்புக்கு எதிர்க்கூறு மறைப் பெறுமானம் உடையது. எதிர்க்கூற்றைச் செங்கூற்றால் வகுத்துவரும் எண்ணை ஒரு கோணத்தின் தான்சனாகக் கொண்டால், அக்கோணம் மறை 90 பாகையிலிருந்து நேர் 90 பாகை வரையில் நிற்கும். அக்கோணமே பொருளின் அடையாளம்.

வகுத்தல் ஏன் என்று கேட்பார்க்கு விடை பின்வருமாறு. சுருளின் அளவினும் மிக்க தூரத்திற் கிடக்கும் சிறுபொருளிடத்து, புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைந்து சென்று சேர்கின்றது. அங்கிருந்து மீளும் புலமும் அவ்வாறே குறைகின்றது. ஆக மொத்தம் ஆறாம் அடுக்கு. தூரம் இருமடங்காயின் சைகை 64 இல் ஒன்றாகிவிடும். ஆகவே சைகையின் பருமனை மட்டும் ஊசி காட்டுமாயின், ஆழத்திற் கிடக்கும் பெரிய நாணயமும் மேலே கிடக்குஞ் சிறிய குண்டூசியும் ஓரிடத்தையே காட்டல் கூடும். இரு கூறுகளும் ஒரே அளவிற் குறைவதால், அவற்றின் விகிதமோ ஆழத்தாற் பழுதுறாது. ஆழம் என்னும் அறியாத கணியம் வகுத்தலால் நீங்கிவிடுகின்றது. இயற்கணிதத்தில் இருபுறமும் உள்ள காரணியை வெட்டி நீக்குதல் போன்றது இது.

அமைக்கும் முறையைக் கூறுவாம். சந்தையில் வரும் நடுத்தரக் கருவிகளும் வீட்டிற் கட்டப்படும் கருவிகள் பலவும் தம் உள்ளே இரு கூறுகளையும் ஏற்கெனவே பிரித்து விரியலாக்கி வைத்திருக்கும். அவ்விரு விரியலாக்கிகளின் முடிவிலிருந்து இரண்டு கம்பிகளையும், பொதுப்புள்ளியிலிருந்து ஒரு கம்பியையும் வெளியே கொணர்தல் வேண்டும். இச்சைகைகள் சுழியத்துக்கு மேலும் கீழுமாக ஆடுவன. அர்டுயினோ என்னும் சிறு நுண்கணிப் பலகையோ 0 முதல் 5 வோல்ற்று வரையுள்ளதை மட்டும் ஏற்கும். ஆதலின் ஒவ்வொரு சைகையையும் 10 கிலோ ஓம் தடையொன்றினூடாகக் கொணர்ந்து, பலகையின் 5 வோல்ற்று முனையிலிருந்து வரும் மற்றொரு 10 கிலோ ஓம் தடையோடு சேர்த்து, சேருமிடத்திலிருந்து உள்ளீட்டை எடுத்தனர். அங்ஙனஞ் செய்யின் சுழியம் 2.5 வோல்ற்றாக மாறும்; மேலும் கீழுமாகிய 5 வோல்ற்று ஆட்டம் முழுதும் பலகையின் எல்லைக்குள் அடங்கும். சைகை பாதியாகக் குறைதல் இதற்கு நாம் கொடுக்கும் விலை.

பலகை 5 வோல்ற்றை 1024 படிகளாகப் பகுத்து எண்ணும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. பொருளில்லாத வேளையிலுள்ள நிலைப்பெறுமானத்தை மெல்ல மெல்லச் சராசரி எடுத்து நினைவில் வைத்து, வரும் எண்ணிலிருந்து அதனைக் கழித்து, எஞ்சியதை உண்மைச் சைகையாகக் கொள்ளுமாறு கட்டளைத்தொடர் எழுதப்பட்டது. சுருள் பொருளின்மேற் செல்லுங்கால் சைகை ஏறி இறங்கும். ஏறிய உச்சத்திலே வகுத்துக் கோணத்தைக் கண்டு, அதனை மூன்று செக்கன் ஊசியில் நிறுத்துதல் நன்று. உச்சத்துக்கு முன்னும் பின்னும் வகுப்பின் ஊசி அலைக்கழியும். கண் அதனைப் பின்தொடராது.

ஊசிமானி 100 நுண்ணம்பியரில் முழுவிலகல் அடையும் அசையுஞ்சுருள் வகையைச் சேர்ந்தது. 5 வோல்ற்றில் 100 நுண்ணம்பியர் ஓடுதற்கு மொத்தத் தடை 50 கிலோ ஓம் வேண்டும். 47 கிலோ ஓம் நிலைத்தடையும் 10 கிலோ ஓம் மாறுந்தடையும் தொடராக இணைத்து, மானியின் சொந்தத் தடையுஞ் சேர, முழுவிலகல் சரியாக 100 இல் நிற்குமாறு மாறுந்தடையைத் திருப்பிக்கொள்ளலாம். பலகை தருவது உண்மையில் ஒழுங்கான நேரோட்டம் அன்று; விரைவாக ஏறியிறங்கும் துடிப்புக்கள். துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து அது ஓட்டத்தின் சராசரியை மாற்றுகின்றது. ஊசியின் சடத்துவமே அத்துடிப்புக்களை மென்மையாக்கிவிடுவதால், வேறு கொள்ளளவி தேவைப்படவில்லை. எண்களாகக் காட்டுங் கண்ணாடித்திரை மலிவாகக் கிடைக்க ஊசி எதற்கு என்று வினவினோம். எண் தாவித் தாவி மாறுங்கால் வாசிக்க முடிவதில்லை என்றும், ஊசியின் நடுக்கத்தைக் கண்டே சைகை நல்லதா தீயதா என்பதை உணரலாம் என்றும் மாணவர் விடையிறுத்தனர். நல்ல விடை.

முகப்பின் 0 ஆனது ஓய்வுநிலை. 10 முதல் 100 வரையுள்ள பகுதியே கோணத்துக்கு உரியது. மறை 90 பாகை 10 இலும், சுழியப் பாகை 55 இலும், நேர் 90 பாகை 100 இலும் நிற்கும். கோணத்தின் பாதியை 55 உடன் கூட்டினால் ஊசி நிற்குமிடம் பெறப்படும். உதாரணமாக, எதிர்க்கூறு 0.9 வோல்ற்றும் செங்கூறு 1.2 வோல்ற்றும் உள்ளீட்டில் வருமாயின், விகிதம் 0.75, கோணம் ஏறத்தாழ 37 பாகை, ஊசி 73 இல் நிற்கும்.

மானியைச் சரிபார்த்தற்குப் பொன்னும் வெள்ளியுந் தேடி அலையவேண்டியதில்லை. பழைய திரான்சிற்றர் வானொலியைத் திறந்தால் வானலைச் சுருள் சுற்றிய கருநிறக் கோல் ஒன்று இருக்கும். அது பெரைற்று என்னும் பொருள். காந்தவியல்பு உடையது, மின்னைப் பெரிதுங் கடத்தாதது. அதற்குச் செங்கூறு இருத்தலாகாது. சுருளைக் கழற்றிவிட்டு அக்கோலைத் தலையின் முன் ஆட்டி, செங்கூறு சிறிதும் அசையாதிருக்குமாறு கருவியின் அவத்தைத் திருகியைச் சரிசெய்க. ஊசி 10 இல் நிற்கும். மேற்பகுதியைச் சரிபார்க்கும் முறை எமக்கு மிகவும் பிடித்தது. 1 மில்லி என்றி தூண்டற்றிறனுள்ள சுருளொன்றைச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு மாறுந்தடையால் இணைத்துவிட்டால், அதுவே ஒரு செயற்கை நாணயம். 10,000 சுற்று மீடிறனில் அச்சுருளின் தூண்டல் எதிர்ப்பு 62.8 ஓம். சுருளின் கம்பித்தடையுஞ் சேர மொத்தத் தடையை 62.8 ஓமாக வைத்தால் விகிதம் 1, கோணம் 45 பாகை, ஊசி 77 இற்கும் 78 இற்கும் இடையில் நிற்றல் வேண்டும். தடையை 628 ஓமாக்கினால் நாணயம் மெல்லிய தாளாக மாறி ஊசி 58 இற்கு இறங்கும், 31.4 ஓமாக்கினால் நல்ல உலோகமாகி 87 இற்கு ஏறும். ஒரு திருகியைத் திருப்பிப் பித்தளையை வெள்ளியாக்கும் இரசவாதத்தை முதலாம் படிவத்துச் சிறுவர் வாய்திறந்து பார்த்து நின்றனர்.

இனி, மானி பொய் கூறும் இடங்களைக் காட்டுவாம். இப்பகுதியை மாணவர் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

மேற்கூறிய பொருளே இருமடங்கு தூரத்தில் இருப்பதாகக் கொள்க. சைகைகள் 64 இல் ஒன்றாகி, எதிர்க்கூறு 14 மில்லிவோல்ற்றும் செங்கூறு 19 மில்லிவோல்ற்றும் ஆகும். பலகைக்கு இவை மூன்று படியும் நான்கு படியுமே. விகிதம் இன்னும் 0.75 தான். ஆயின் இரைச்சலால் ஒவ்வொன்றிலும் ஒரு படி பிழைத்தால், இரண்டுக்கு ஐந்து என்று வந்து ஊசி 66 இலும், நான்குக்கு மூன்று என்று வந்து ஊசி 82 இலும் நிற்கும். ஒரே பொருள் ஒருமுறை பித்தளை, மறுமுறை வெள்ளி! ஆகவே இரு கூறுகளுஞ் சேர்ந்த பருமன் 20 படிக்குக் குறைந்தால் ஊசி அசையலாகாது என்று கட்டளை எழுதினர். 20 படி இருப்பின் ஒரு படிப் பிழையால் ஊசி இரண்டு பிரிவுக்கு மேல் விலகாது.

மறுதலையான மயக்கமும் உண்டு. பொருள் தலைக்கு மிக அருகில் வந்தால் இரு விரியலாக்கிகளும் தம் எல்லையை முட்டி நின்றுவிடும். அப்பொழுது இரு கூறுகளும் ஒரே பெறுமானம் பெறும். விகிதம் 1 ஆகும். மெல்லிய தாளும் ஊசியை 77 இற்கு மேல் ஏற்றிவிடும். அதனையும் தடுத்தல் வேண்டும். சைகை எல்லையை அணுகினும் ஊசி ஓய்வுநிலைக்கே செல்க என்பது கட்டளை. மிக மெலிந்த வேளையிலும் மிக மிகுந்த வேளையிலும் வாய்திறவாத மானியே நம்பத்தக்க மானி. மானி என்னும் சொல்லுக்கு மானமுடையவன் என்றும் ஒரு பொருள் உண்டென்பதை வகுப்பிற் குறிப்பிட்டோம்.

நிலத்தின் மயக்கம் வேறு. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணிலே இரும்பு ஒட்சைட்டுக் கலந்துள்ளது. அது தானே பெரைற்றுக் கோலைப் போன்று எதிர்க்கூற்றை அசைக்கும். உவர்நீர் ஊறிய கடனீரேரிக் கரையோ மின்னைச் சிறிது கடத்துவதால், மெல்லிய தாளைப் போன்று செங்கூற்றை அசைக்கும். ஒரே நாணயத்தை உலர்ந்த வெண்மணற் பெட்டியிலும் செம்மண் பெட்டியிலும் புதைத்துப் பார்த்தால் ஊசி வெவ்வேறிடத்தில் நிற்பதை ஆய்வுகூடத்திலேயே காணலாம். சோடாப் போத்தலின் தகட்டு மூடி இரும்பாயினும், தட்டையாக இருப்பதாற் சுழியோட்டம் மிகுந்து, நல்ல உலோகம் போன்று நடிக்கும். நமது நாட்டு நாணயங்களும் ஒரு புதிர். 1963 ஆம் ஆண்டுமுதல் அலுமினியத்தில் வந்த ஒரு சதம் இனிது அடையாளங் காட்டும். உருக்கின்மேற் பித்தளை பூசிய பிற்கால நாணயங்களோ இரும்புப் பக்கமும் மற்றைப் பக்கமுமாக ஊசியை அலைக்கும்.

பொன்னைப் பற்றிய வினாவுக்கு வருவோம். வெள்ளியின் தடைத்திறனை 159 என்று கொண்டால், செம்பு 168, பொன் 244, அலுமினியம் 265, ஈயம் ஏறத்தாழ 2100. பொன்னும் அலுமினியமும் எத்துணை அருகில் நிற்கின்றன என்பதைக் காண்க. நகைப்பொன்னிலே செம்பும் வெள்ளியுங் கலப்பதால் அதன் தடைத்திறன் மேலும் மிகும். அன்றியும் ஊசி காட்டுவது உலோகத்தின் தடைத்திறனை மட்டுமன்று. பருமன், தடிப்பு, வடிவு என்பனவெல்லாம் விகிதத்திற் கலந்துள்ளன. மெல்லிய பொன் மோதிரமும், குளிர்பானத் தகரத்தைத் திறக்கும் அலுமினிய வளையமும் ஒரே கோணத்தைத் தரலாம். பெரிய ஈயக் கட்டியும் சிறிய செப்பு நாணயமும் அவ்வாறே. இந்நிலையில் முகப்பிலே "பொன்" என்று எழுதுவது கருவி அறியாததைக் கருவியின் வாயில் வைப்பதாகும்.

எனவே நாம் தெரிந்து கொடுத்த சொற்கள் மூன்றே. 10 முதல் 50 வரை "இரும்புச் சார்பு". 55 இலிருந்து 75 வரை "மெல்லோட்டம்". அதற்கு மேல் "வல்லோட்டம்". 0 இன் கீழே "தீர்ப்பில்லை" என்று எழுதப்பட்டது. 50 இற்கும் 55 இற்கும் இடையே எச்சொல்லும் எழுதாது வெறிதே விட்டோம். பொன் என்னுஞ் சொல் முகப்பில் இல்லாமை மாணவர் சிலர்க்கு வருத்தமே. புதையற் கதைகள் படித்த வயது அன்றோ!

கதையன்றி உண்மையாகவே புதையல் நாடுவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். கந்தரோடை போன்ற ஊர்களிற் பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் தொல்பொருள் தேடி உத்தரவின்றி நிலத்தை அகழ்தல் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தால் விலக்கப்பட்டது. கிடந்த இடத்தினின்றும் பெயர்த்தெடுத்த காசு வரலாற்று ஆசிரியர்க்குப் பாதிச் செய்தியையே தரும். எந்த மண்படையில், எதனோடு கிடந்தது என்பதே மற்றைப் பாதி.

இதனினுங் கொடியது கண்ணிவெடி. இலங்கை 2017 டிசெம்பரிற் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கே போர் 2009 இல் முடிந்தபின்னும் வெடிகளை அகற்றும் பணி பல்லாண்டுகளாக நிகழ்ந்து வந்துள்ளது. பிளாத்திக்கு உடலுடைய வெடிகளில் உலோகம் மிகச் சிறிதே. அதன் சைகை நாம் மேலே கூறிய 20 படிக்கு மிகக் கீழே நின்றுவிடலாம். அங்கே நமது மானி "தீர்ப்பில்லை" என்று கூறும். தீர்ப்பில்லை என்பது ஆபத்தில்லை என்பதன்று. பயிற்சி பெற்ற அகற்றுநர் சைகைகளை இனம் பிரித்து ஒதுக்குவதில்லை; ஒவ்வொரு சைகையையும் வெடியென்றே கொண்டு முழந்தாளிட்டு மெல்ல மெல்ல மண்ணை நீக்குவர். ஆகவே இக்கருவியை ஆய்வுகூட மணற்பெட்டிக்கு வெளியே, அதிலும் துப்புரவு செய்யப்படாத நிலத்துக்கு, மாணவர் எவரும் எடுத்துச் செல்லலாகாது. எச்சரிக்கைப் பலகையுள்ள காணிக்குட் கால்வைத்தலே குற்றம். கையிற் கருவியிருத்தல் அக்குற்றத்தைக் குறையாது. இவ்விதி கருவிப்பெட்டியின் மூடியில் மாணவர் கையெழுத்தோடு ஒட்டப்பட்டுள்ளது.

வெளியே பயன்படும் இடம் ஒன்று உண்டு. போர் நடந்த ஊர்களின் பனைகளில் எறிகணைச் சிதறல்கள் தைத்துக் கிடத்தல் கூடும். அம்மரத்தை வாளிற் கொடுத்தால் பல் முறியும். வாளோட்டுபவனுக்கும் தீங்கு நேரும். வெட்டி அடுக்கிய மரத்தின்மேல் தலையை ஓட்டிப் பார்த்தால் உலோகம் உள்ள இடத்தைச் சுண்ணத்தாற் குறித்துவிடலாம். இங்கே ஊசியின் தீர்ப்பினும் ஒலியே முதன்மை. ஆயினும் இரும்புச் சார்பு கண்டவிடத்து உளியோடு அணுகவேண்டும் என்பதை ஊசி உறுதிப்படுத்தும்.

செய்வோர்க்குச் சில சிறு குறிப்புக்கள். பலகையின் துடிப்புக்கள் ஏற்குஞ் சுருளிற் புகாதவாறு, பலகையையும் மானியையும் உலோகப் பெட்டியில் அடைத்துக் கைப்பிடியின் மேனுனியிற் பொருத்துக. தலையருகே வைத்தால் பெட்டியையே கருவி கண்டுபிடிக்கும். கருவிக்கும் பலகைக்கும் வேறு வேறு மின்கலவடுக்கு இருத்தல் நன்று. பற்றாசு பிடிக்கும்போது மானியின் முனைகளில் நெடுநேரம் வெப்பம் நில்லாதபடி பார்க்க. உள்ளேயுள்ள மயிரிழை வில் மிக மென்மையானது.

அசையுஞ்சுருள் மானிகள் இப்பொழுது கடைகளில் அருகிவிட்டன. ஆய்வுகூடத்திலிருந்த ஒன்றை இக்கருவி கொண்டுவிட்டது. அடுத்த வகுப்பார் தமக்கும் ஒன்று வேண்டுமென்கின்றனர். பழைய மாணவர் வீட்டுப் பரணிலே பயனற்றுக் கிடக்கும் பல்மானியோ, ஒலிமட்டங் காட்டும் ஊசியுள்ள பழைய ஒலிப்பதிவுப் பெட்டியோ இருக்குமாயின், அதனைக் கல்லூரிக்கு அனுப்பி உதவலாம். அதன் முழுவிலகல் 500 நுண்ணம்பியராயினுங் குற்றமில்லை; தொடர்த்தடையை 10 கிலோ ஓமாக்கினாற் போதும். அனுப்புமுன் மானியின் இரு முனைகளையும் செப்புக் கம்பித் துண்டொன்றால் இணைத்துவிடுக. வண்டியின் குலுக்கத்திற் சுருள் அசையுந்தோறும் அதனுள் எழும் தூண்டலோட்டம் அவ்வசைவையே எதிர்த்து ஊசியை அடக்கி வைக்கும்.